எட்டு போடத் தெரிந்தால் போதுமா? எல்.எல்.ஆர். தொடங்கி முதல் மழை வரை

பைக் ஓட்டப் பழகுபவர்கள் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் ஆனபிறகுதான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். இந்த இடைவெளியைப் பெரும்பாலானவர்கள் எட்டு போடுவதற்கு மட்டுமே செலவழிக்கிறார்கள். ஊர் மைதானத்தில் இரண்டு கல்லை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பழகி, டெஸ்ட்டில் கால் ஊன்றாமல் வந்துவிட்டு, அடுத்த வாரமே சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். எட்டில் தெரிவது 10 கி.மீ. வேகத்தில் பேலன்ஸ் இருக்கிறதா என்பது மட்டும். 50-இல் போகும்போது குறுக்கே நாய் வந்தால் கை என்ன செய்யும் என்பதை அது சோதிப்பதில்லை.

முதலில் காகித வேலை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ‘கியர் உள்ள இருசக்கர வாகனம்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று சரிபாருங்கள். டிரைவிங் ஸ்கூல் மூலம் போனால் காரோடு சேர்த்துப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். ரசீதில் இரண்டு வகையும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கியர் வண்டிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரின் படிவம் 1ஏ வேண்டும். எல்.எல்.ஆர்.-இல் ஓட்டும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ ஒட்ட வேண்டும். பின்சீட்டில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பவர் மட்டுமே உட்காரலாம். நண்பனை ஏற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனால் அபராதத்தோடு முடியாது. அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் தகராறு செய்ய அதுவே காரணமாகிவிடும்.

வண்டி விஷயத்தில் ஆசையும் தேவையும் சண்டை போடும். ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. யூ டர்னில் பாதியில் வண்டி ஆஃப் ஆகி ஒரு பக்கம் சாயும்போதுதான் தெரியும். பழகும் காலத்தில் வண்டி கீழே விழுவது சகஜம், அதனால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிற எடையில் எடுங்கள். 100 முதல் 125 சிசி போதும், 150-160 தாராளம். உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு காலின் முன்பாதமாவது முழுதாக ஊன்ற வேண்டும். அதோடு நிறுத்தாமல் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு முழு யூ டர்ன் போட்டுப் பாருங்கள். லேசான சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். ஷோரூமில் யாரும் இதைச் செய்யச் சொல்லமாட்டார்கள்.

பழகுவதற்குப் பழைய வண்டியே நல்லது என்பது எங்கள் கருத்து. முதல் கீறல் விழும்போது மனசு அவ்வளவு வலிக்காது. வாங்கப் போகும்போது ‘இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) விரலை வைத்துத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக்கூடாது. மெயின் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹாண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்று சிக்கக்கூடாது. சிக்கினால் கோன் செட் (ஹாண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் செயின் செட் மொத்தமாக மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கட்டியாகிப்போன டயர் மழையில் பிடிக்காது. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டு, கடன் இருந்திருந்தால் எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) நீக்கியாகிவிட்டதா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைத் தேடுங்கள். அதிலிருந்துதான் அந்த வகைப் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது.

வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை உடுப்புக்கு ஒதுக்குங்கள். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். சாலையோரத்தில் குவித்து வைத்து விற்கும் மலிவுச் சரக்கில் ஸ்டிக்கர் மட்டும்தான் அசலாகத் தெரியும். முகம் மூடும் ஃபுல் ஃபேஸையே எடுங்கள், தாடைக்கு வேறு காப்பு கிடையாது. புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையில் அளவு பாருங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜ். போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அழுந்த வேண்டும், நெற்றியில் மட்டும் ஒரு புள்ளியில் வலிக்கக்கூடாது. கடையிலேயே பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் கழன்று வரக்கூடாது. கழன்றால் விபத்திலும் கழலும். வைஸர் கண்ணாடி தெளிவானதாக இருக்கட்டும், கறுப்பு வைஸரோடு இரவில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் அழுந்திவிட்டால் மறுபடி எழும்பாது.

அடுத்து வாங்க வேண்டியது ஜாக்கெட் அல்ல, கையுறை. விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். உள்ளங்கையில் கெட்டித் தோலோ, தரையில் உரசும்போது சிக்காமல் வழுக்கிச் செல்லும் பட்டையோ உள்ளதாக எடுங்கள். மூன்றாவது, கணுக்காலை மூடும் ஷூ. லேஸ் நீளமாக இருந்தால் உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் மாட்டி, நிற்கும்போது கால் ஊன்ற முடியாமல் விழுந்தவர்கள் உண்டு. ஜாக்கெட் நம் வெயிலுக்கு மெஷ் வகைதான் சரிப்படும். தோள், முழங்கை கார்டுகளில் சி.இ. என்ற ஐரோப்பியத் தர அச்சு இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்து அனுப்புகிறார்கள், அது காப்பு ஆகாது.

இனிப் பழகுவது. காலியான மைதானம், காலை நேரம், தினமும் முக்கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் இடது கை சோர்ந்து கிளட்ச்சை டக்கென்று விட ஆரம்பிப்பீர்கள். ஏறும் முன் கியர் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு கியர் உள்ள பல 100 சிசி வண்டிகளில் எல்லாமே முன்னால் மிதிப்பது, ஐந்து கியர் வண்டிகளில் பொதுவாக ஒன்று கீழே, மற்றவை மேலே. வண்டி மாறும்போது குழப்பம் இங்கேதான் வரும்.

முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கி, வண்டி முன்னால் போகத் துடிக்கும். அங்கேயே பிடித்து நிறுத்தி, ஒரு அடி நகர்ந்து, மறுபடி பிடியுங்கள். அந்தப் பிடிமானம் விரலுக்குப் பழகிவிட்டால் மேடு, டிராஃபிக், எட்டு மூன்றுக்கும் அதுவே மருந்து. வண்டி ஆஃப் ஆகிக்கொண்டே இருந்தால் லீவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. ஃப்ரீ பிளே (கேபிளை இழுக்குமுன் லீவர் சும்மா ஆடும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் தட்டு தேயும், தளர்வாக இருந்தால் கியர் கரகரவென்று விழும்.

எட்டைப் பற்றி இவ்வளவுதான்: அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், கண் அடுத்துப் போக வேண்டிய இடத்தில். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டியும் அங்கேயே சாயும். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொட்டால் கால் ஊன்றியே தீரவேண்டும்.

மிச்சமிருக்கும் நாட்கள் முழுவதும் பிரேக்குக்கு. ‘முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவாய்’ என்று எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா சொல்லியிருப்பார். அரை உண்மை அது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டி, வால் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். முன் பிரேக் விழவைப்பது எடை முன்னால் வருமுன் படாரென்று பிடித்தாலும், ஹாண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தாலும்தான். ஆகவே வண்டி நேராக இருக்கும்போது, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல ஆரம்பத்தில் மெதுவாகவும் போகப் போக அழுத்தமாகவும் பிடியுங்கள்.

சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, அதைத் தொட்டதும் பிரேக். முதலில் 20 கி.மீ., கை நிதானப்பட்டதும் 30, பிறகு 40. ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவை. கிளட்ச்சை நிற்கப்போகும் கடைசி நொடியில் பிடியுங்கள், இடது கால் மட்டும் தரையில், வலது கால் பிரேக்கிலேயே. ஒரு நொடி சுதாரிக்க, பிறகு ஓரளவு நல்ல பிரேக் என்று கணக்குப் போட்டால், 40-இல் நிற்க ஏறக்குறைய 21 மீட்டர் வேண்டும், 60-இல் 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தை ஒட்டி ஓட்டுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மைதானத்தில் காலடியால் அளந்து பார்க்க வேண்டும்.

டெஸ்ட்டுக்குப் பழகிய வண்டியையே கொண்டுபோங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், எல்.எல்.ஆர்., எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். ஹெல்மெட் போடாமல் மைதானத்துக்குள் நுழையாதீர்கள். சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா, பின்னால் பார்த்தாயிற்றா, கைகாட்டியாயிற்றா என்பதை அதிகாரி கவனிப்பார்.

லைசென்ஸ் வந்ததும் முதல் மழை. பெய்ய ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் ஓரமாக நிற்பது நல்லது, ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கிளம்பி வழுக்கும். வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு ஆகியவற்றின்மேல் போகும்போது பிரேக்கோ திருப்பமோ கூடாது, நேராகக் கடந்துவிடுங்கள். பின்சீட்டில் ஆள் ஏற்றுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ஏற்றும் நாளில் பின் டயரின் காற்றை ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். அம்மாவோ அக்காவோ புடவையில் ஏறினால் முந்தானையை மடியில் செருகச் சொல்லி, சாரி கார்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளட்ச்சை விடுங்கள். அவர்களுக்கும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வேண்டும், சட்டப்படியும்.