செவுரு மூச்சு விடணுமாம்

முதல்ல நாங்க கை வச்சது சமூகக்கூடம். தெரு முழுக்க பழைய கட்டடங்கதான், பக்கத்துல இருக்குற ஸ்கூலும் கிட்டத்தட்ட அதே வயசு, லீவுக்குள்ள ரெண்டையும் பளிச்சுனு ஆக்கிடலாம்னு பத்துப் பதினஞ்சு பேர் கிளம்பிட்டோம். பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட் அக்ரிலிக் எமல்ஷன். போட்டோவுல அவ்ளோ அழகு. ஒரு மழைக்காலம் கூட தாங்கல. தரையில இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் கொப்புளம் கொப்புளமா கிளம்பிடுச்சு, ஒண்ண விரலால அமுக்குனேன், உள்ள இருந்து ஈர மண்ணும் வெள்ளையா உப்பும் கொட்டுது, கூடவே உள்ளங்கை அகலத்துக்கு காரையும் பேர்ந்து வந்துடுச்சு.

பெயின்ட்ட திட்டுனோம், ப்ரைமர திட்டுனோம், அப்புறம் அடிச்சவன திட்டுனோம் (அந்த மூலை நான் அடிச்சது). கடைசியா வயசான பெயின்டர் ஒருத்தர கூட்டிட்டு வந்தோம். மனுஷன் செவுத்த ரெண்டு தட்டு தட்டிட்டு, "தம்பி, இத சிமெண்ட் செவுருனு நெனச்சீங்களா?"னு கேட்டாரு. எனக்கு பதில் வரல.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு பேட்டன்ட் வாங்குனதே 1824லதான், அது எல்லா இடத்துக்கும் பரவ இன்னும் ரொம்ப காலம் ஆச்சு. அதுக்கு முன்ன கட்டுனதுல பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை, இல்லைன்னா மண்ணு. தரை ஓதம், அதாவது மண்ணுல இருந்து வர்ற ஈரம், ஏறாம தடுக்குற அடுக்கெல்லாம் அதுல இருக்காது, ஓதம் பாட்டுக்கு ஏறும், செவுத்து வழியா காத்துல போயிடும், அப்படித்தான் இத்தன வருஷம் நின்னுருக்கு. நாங்க அது மேல பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒண்ண ஒட்டி வாயடைச்சிட்டோம், போக வழியில்லாத ஈரம் உப்போட சேந்து காரையவே தின்னுடுச்சு.

அதனால ஸ்கூல்ல அவசரப்படல. ஆனா சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல மட்டும் யாரும் அலட்சியமா இருக்காதீங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். கட்டடத்துக்குள்ள அடிக்கிற பெயின்ட்ல வெள்ளை ஈயம் (ஈயத்துல செஞ்ச வெள்ளை நிறமி) கூடாதுன்னு 1921லயே உலகத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் போட்டுச்சு, ஆனா அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்ல ஈயத்த தடை பண்ணவே 1978 ஆச்சு, அதனால வருஷத்த வச்சு நீங்களா முடிவு பண்ணாம டெஸ்ட் பண்ணிடுங்க. இருந்துச்சுன்னா காஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்கவே கூடாது, அந்தத் தூசிதான் விஷம். தெரிஞ்ச ஆளுங்க நனைச்சு சுரண்டட்டும், வேலை முடிஞ்சு சுத்தம் பண்ற வரைக்கும் பசங்க அந்தப் பக்கமே வரக்கூடாது.

கலர் சண்டை தனிக்கதை. வெளிப்பக்கம் என்ன கலர்னு அனுமதி வாங்கணும், கமிட்டியில ஆளுக்கொரு கலர். பெயின்டர் அண்ணன் டெஸ்ட் பண்ணி ஈயம் இல்லைன்னு தெரிஞ்ச ஒரு மூலையில காசு அளவுக்கு வட்டமா, நனைச்ச உப்புத்தாளால மெதுவா தேய்ச்சாரு. மரம் வெட்டுனா வளையம் தெரியுமே, அதே மாதிரி ஒவ்வொரு காலத்து பெயின்ட்டும் வரிசையா தெரிஞ்சுது, பச்சை, அழுக்கு வெள்ளை, மறுபடி ஒரு பச்சை, எல்லாத்துக்கும் அடியில வெளிறுன காவி. அதப் பார்த்ததும் சண்டை ஓஞ்சுது. காவி, மஞ்சள் மாதிரி மண் நிறமெல்லாம் சுண்ணாம்போட ஒத்துப்போகும், ஆனா பிரஷ்யன் நீலம் மாதிரி சிலது சுண்ணாம்போட காரத்துல செத்துடும், அது வேணும்னு கேட்ட கோஷ்டிக்கு அண்ணனே சொல்லிட்டாரு.

செவுரு காய மாசக்கணக்குல ஆச்சு. அப்புறம் சுண்ணாம்பு. பால் பதத்துக்கு கரைச்சு, செவுத்த நனைச்சு, நேர் வெயில் படாத நேரமா பார்த்து மெல்லிசா அடிக்கணும், நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காய விட்டு. கண்ணுல தெறிச்சா புண்ணாக்கிடும், கண்ணாடி கண்டிப்பா போடுங்க. முதல் கோட் அடிச்சப்போ ஒண்ணுமே தெரியல, வெறும் அழுக்குத் தண்ணி பூசுன மாதிரி இருந்துச்சு, ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் முகமே போயிடுச்சு. "காலைல வந்து பாருங்க மேடம்"னாரு அண்ணன். சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைட இழுத்து திரும்ப கல்லா மாறுது, அப்போதான் நிறம் எந்திரிக்கும். காலைல எந்திரிச்சிருந்துச்சு.

பசங்க ஓவியம் வரையணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. செவுத்துல வேணாம்னு பிளைவுட் பலகை குடுத்து, வரைஞ்சத காரிடார்ல மாட்டிட்டோம், கழட்டுனா செவுரு செவுராவே இருக்கும்.

ஒரே ஒரு சொதப்பல். ஸ்கூல் திறந்த அன்னைக்கு சாயங்காலம் பார்த்தா காரிடார் செவுத்துல சாஞ்ச பசங்க முதுகெல்லாம் லேசா காவி. இப்போ தோள் உயரம் வரைக்கும் மட்டும் சிலிகேட் பெயின்ட் (கனிமத்துல செஞ்ச ஒரு வகை பெயின்ட்) அடிக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், அதுவும் மூச்சு விடும், கையில ஒட்டாது. மாதிரிக்கு மாடிப்படி கிட்ட ஒரு கை அகலத்துக்கு அடிச்சு வச்சிருக்கு, தெனம் போய் தடவிப் பார்த்துட்டு இருக்கேன்.