ஒஹாயோ ஸ்டேட்டின் அந்த சீசன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) எங்கள் ஒஹாயோ ஸ்டேட் அணி 2024 நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்திலேயே பரம எதிரி மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றதும் எங்கள் ஊரான கொலம்பஸ் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியாளர் ரயன் டேயை அனுப்பிவிடச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு நான்கே அணிகள் என்ற பழைய முறை இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நல்லவேளை, அந்த ஆண்டுதான் அதை 12 ஆக்கினார்கள்.

டெக்சாஸுடனான அரையிறுதியை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. கடைசி நிமிடங்கள்; எங்கள் கோல் கோட்டுக்கு மிக அருகில் அவர்கள். கொலம்பஸுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஜாக் சாயர், டெக்சாஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) க்வின் யூவர்ஸ் மேல் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடினார். இருவரும் ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் அறைத்தோழர்கள்! அப்புறம் நோட்ர டேமை 34-23 என்று வென்று சாம்பியன் பட்டம்.

2025 முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் எலும்பு முறிபவர்களுக்குப் பங்கு வேண்டாமா? அது நியாயம்தான்.

எனக்குப் பயமெல்லாம் டிவி பணத்தைப் பார்த்துதான். அதைத் தேடிப் பத்து கல்லூரிகள் விலகிப் போனதில், மேற்குக் கரைக் கல்லூரிகளின் பழம்பெரும் லீக்கான பேக்-12 சிதறியது. அதில் மிஞ்சிய வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும் நட்டாற்றில் நின்றன. நவம்பர் கடைசியில் நடந்துவந்த ஆப்பிள் கப், அதாவது வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆட்டம், 2024இல் செப்டம்பருக்குப் போய்விட்டது. பிளேஆஃபை இன்னும் பெரிதாக்குவதென்றால் ஆக்கட்டும், சரி. நவம்பர் கடைசியில் வரும் எங்கள் மிச்சிகன் ஆட்டத்தின் தேதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.