மண்டப வாடகை 9,900

எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையில் பொருளாளர் என்றால் கொடியேற்றத்தன்று முன்வரிசை நாற்காலி கிடைக்கும் என்று நினைத்துத்தான் தலையாட்டினேன். கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் பேரேடு எழுதியவன் என்பதால் தலையில் கட்டினார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கோவில் வளாகத்தில் ஒரு மண்டபம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, 200 பேர் உட்காரலாம். நாள் வாடகை 9,500. போன தையில் பங்குக் கல்யாணம் ஒன்று, அடுத்த தெருக் காதுகுத்து ஒன்று, ஒரு பாய் வீட்டு வலிமா விருந்து. மழைக்கு ஓடு ஒழுகுகிறது, 11,000 ஆக்கலாம் என்று பேரவையில் பேச்சு வந்தது. நான் கையைத் தூக்கி வரிக் கணக்கைச் சொன்னேன்.

பதிவு பெற்ற மத அறக்கட்டளை தன் வழிபாட்டுத் தல வளாகத்தில் உள்ள மண்டபத்தை வாடகைக்கு விட்டால் ஜிஎஸ்டி கிடையாது, நாள் வாடகை 10,000-க்குக் கீழே இருக்கும்வரை. 10,000 தொட்டால் 18 சதவீதம். 11,000-க்கு 1,980 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாம்தான். ஆனால் எங்கள் பான் எண் மறைமாவட்டத்தினுடையது, அதாவது ஆயரின் கீழ் உள்ள எல்லாக் கோவில்களுக்கும் பொதுவானது; எல்லாப் பங்கு வரவும் அதில் ஒன்றாகச் சேருகிறது.

“கோவிலுக்கே வரியா? மத சுதந்திரம்னு சட்டத்துல எழுதியிருக்குல்ல?” என்றார் எனக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர்.

“பூசைக்கும் உண்டியலுக்கும் யாரும் வரி கேக்கல பெரியப்பா. காதுகுத்துக்கு விடுற வாடகைக்குத்தான் கேக்குறாங்க” என்றேன். முறைத்தார்.

அவர் கேள்வி லேசானதில்லை. அமெரிக்காவில் இதே சண்டை உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வீடு வீடாகப் போய் மத நூல்களைக் கொடுத்த யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் ஒரு நகரம் முன்கூட்டியே உரிமக் கட்டணம் கேட்டது. 1943-இல் அது செல்லாது என்றார்கள். 1990-இல் ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற போதகரின் அமைப்பு, தான் விற்கும் பைபிளுக்கும் ஒலிநாடாவுக்கும் கலிபோர்னியா விற்பனை வரி கேட்கக் கூடாது என்றது. எல்லாக் கடைக்கும் உள்ள வரிதானே, கட்டு என்றது நீதிமன்றம். வாயைத் திறக்கும் முன்பே காசு கேட்பது ஒன்று, விற்ற பிறகு பங்கு கேட்பது வேறொன்று. எங்கள் மண்டபம் இரண்டாவது வகை. எதிர்த்தெருத் தனியார் மண்டபக்காரரும் அதே 18-தான் கட்டுகிறார்.

எனக்கு உறுத்துவது வேறு. திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கக் காரைக்குடிக்குப் போனேன். பில்லில் 5 சதவீதம். 2025 செப்டம்பருக்கு முன் 12. அதே கடையில் விளக்குத் திரிக்கு வரி இல்லை, விபூதிக்கும் இல்லை. பூசைச் சாமான் பட்டியலில் அவை இருக்கின்றன, மெழுகுவர்த்தி இல்லை. கரண்ட் போனால் எல்லோர் வீட்டிலும் எரிவதுதானே என்பார்கள். சரி, நாங்கள் மாதா முன்னால் கொளுத்துவது எந்தக் கணக்கு? சாம்பிராணிக்கு மட்டும் எல்லோருக்கும் 5. புகையில் சமத்துவம்!

கோவில் நிலத்தை நம் ஆட்கள் ‘இறையிலி’ என்றார்கள். அங்கே இறை என்றால் வரி. சாமிக்கும் வரிக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற பாஷையில் பொருளாளர் வேலை பார்க்கிறேன்.

பேரவையில் ஒரு தம்பி குறுக்குவழி சொன்னான்: “வாடகை 9,500, பாத்திரத்துக்கு 1,500 தனி ரசீது.” ரசீதில் கையெழுத்து என்னுடையது, போட மாட்டேன் என்றேன். பங்குச்சாமியார் சிரித்தார். கடைசியில் 9,900 என்று முடிவாயிற்று. கூரை ஓடு மாற்றத் தனியாக வசூல்.

கூட்டம் முடிந்ததும் பெரியப்பா வந்தார். பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு மண்டபம் எழுதிக்கொள்ளச் சொன்னார். ரசீதைக் கிழிக்கும்போது, “பங்கு மக்களுக்கு ரெண்டாயிரம் குறைக்கக் கூடாதாப்பா?” என்றார்.