வெள்ளிக் கிண்ணத்தின் அடியில் ஓர் எழுத்து

வெள்ளிப் பாத்திரம் எதைக் கண்டாலும் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பது என் வழக்கம். (விருந்துக்குப் போன வீடுகளில் இதற்காகச் சில முறைப்புகளையும் வாங்கியிருக்கிறேன்.) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வெள்ளிக் கைவினைஞர் ஆர்தர் ஸ்டோனைப் பற்றித் தேட வைத்ததும் இந்தப் பழக்கம்தான். அவருடைய பட்டறையில் உருவான பொருள்களின் படங்களில், ஸ்டோன் என்ற பெயருக்குக் கீழே தனியாக இன்னோர் எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தது.

1847இல் ஷெஃபீல்டில் பிறந்த ஸ்டோன், 14 வயதில் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்து, மாலை வேளைகளில் வடிவமைப்புப் பள்ளியிலும் படித்தார். அந்த நகரத்தில் 1773 முதலே தரப் பரிசோதனை அலுவலகம் இயங்கி வந்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்கிறதா என்று அங்கே சோதித்து முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை வரிசையில் ஊருக்குரிய கிரீடம் இருக்கும், நிறுவனத்தின் அடையாளம் இருக்கும், ஆண்டைக் குறிக்கும் எழுத்துகூட இருக்கும். அடித்து உருவாக்கிய தொழிலாளிக்கு மட்டும் இடம் இருக்காது.

1884இல் கடல் கடந்தவர், நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டில் ஒரு வெள்ளி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில், நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன மாசசூசெட்ஸின் கார்ட்னருக்கு இடம் பெயர்ந்தார். சொந்தப் பட்டறை அமைந்தது 1901இல்தான். அதுவரை சுமார் நாற்பது ஆண்டுகள் பிறரிடமே உழைத்திருக்கிறார்.

அவருடைய தனித்திறன் புடைப்பு வேலை. தகட்டை அரக்குப் போன்ற பிசின் கலவையின் மேல் பதித்து, முனை மழுங்கிய சிற்றுளியைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். வெள்ளியில் ஒரு துகளும் வெட்டுப்படாமல், அது நகர்ந்தும் அமிழ்ந்தும் இதழாகவும் இலையாகவும் எழும். அடி பலமாக விழுந்தால் தகடு கிழிந்துவிடவும் கூடும்.

பெயருக்குக் கீழே இருந்த எழுத்து, அந்தப் பொருளைச் செய்த தொழிலாளியின் குடும்பப் பெயரின் முதலெழுத்து. ஆண்டுக்கு இருமுறை லாபத்திலும் அவர்களுக்குப் பங்கு கொடுத்திருக்கிறார். பட்டறை வளர்ந்த பிறகு வடிவமைப்பு ஸ்டோனுடையதாக இருந்தாலும், சுத்தியல் பெரும்பாலும் பிறர் கைகளில்தான் இருந்தது. ஆகவே இதைத் தாராளம் என்பதைவிட நேர்மை என்று சொல்வதே பொருந்தும் என்று நினைக்கிறேன். 1913இல் பாஸ்டன் கலை, கைவினைச் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

1937இல் பட்டறையை விற்ற அவர், மறு ஆண்டே காலமானார். இப்போதெல்லாம் அவருடைய பட்டறைக் கிண்ணம் ஒன்றின் படம் கண்ணில் பட்டால், பெயரைத் தாண்டி அதன் கீழுள்ள எழுத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.