பங்காளிச் சண்டைக்குக் கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது

கடை பொதுவில் இருக்கும், கல்லாச் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகியிருக்கும். சேதியெல்லாம் கணக்கப்பிள்ளை வழியாகத்தான். வக்கீலைப் பார்க்கும் முன் விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூருக்கு ஒரு நடை வருகிற குடும்பங்கள் உண்டு. இங்கே கொளஞ்சியப்பராக இருக்கும் முருகனிடம் குறையை எழுதியே கொடுக்க வேண்டும். அதற்குப் பெயரே பிராது.

மூலவருக்கு முகம் கிடையாது. பலிபீட வடிவில் சுயம்பு. வேலும் மயிலுமாக எதிர்பார்த்து வருகிறவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள்.

முதலில் கோயில் அலுவலகத்தில் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். தூரத்துக்குத் தக்க படிப்பணம் உண்டு. விசாரணைக்கு சாமி வந்து போக வேண்டாமா! கிலோமீட்டருக்கு 25 காசு என்பது பழைய கணக்கு, இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய தாளைச் சன்னதியில் வைத்துப் பூஜை செய்து, திருநீற்றோடு பொட்டலமாக்கி, முனியப்பர் சன்னதி வேலில் நூலால் கட்ட வேண்டும். கிட்டே போனால் வேல் எங்கே என்று தேடவேண்டியிருக்கும், அவ்வளவு பொட்டலம்.

தப்பு நடப்பது எழுதும்போதுதான். ‘அவன் நாசமாகப் போகணும்’ என்பது சாபம், பிராது ஆகாது. ஆத்திரத்தில் நாலு பக்கம் எழுதினாலும் என்ன வேண்டும் என்பது அதில் இருக்காது. வீட்டிலேயே ஒரு தடவை எழுதிப் பார்த்து, பழிச்சொல்லை அடித்துவிட்டால் மிஞ்சுவது நாலு வரி: சரக்கு இருப்பை இருவரும் சேர்ந்து எடுக்கணும், வரவேண்டிய பாக்கி வசூலாகணும், அப்பா வாங்கிய கடன் யார் தலையில் என்று முடிவாகணும். கூடப்பிறந்தவளின் பங்கு பெரும்பாலும் விட்டுப்போகும். அதையும் எழுதுங்கள்.

90 நாளில் தீரும் என்பது நம்பிக்கை. அதுவரை நோட்டீஸ், பூட்டு, புதுக்கடன் மூன்றையும் தள்ளிவைப்பது நல்லது. சாமியிடம் வழக்கைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கும் ஓடினால் எப்படி?

காரியம் முடிந்ததும் திரும்பி வந்து, பணம் கட்டி, பிராதை ராஜினாமா செய்தாக வேண்டும், அதாவது கொடுத்த பிராதைத் திரும்பப் பெற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிராது கட்டிய தேதியைக் கடைக் கணக்குநோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். ராஜினாமாவுக்கு, முடிந்தால், இருவரும் ஒரே வண்டியில் வாருங்கள்.