பெயர் எழுதாத துறை

வவுனியாவில் ஏறிய மன்னார் பஸ், பறையனாலங்குளம் சந்தியில் மதவாச்சி வீதிக்கு ஏறியது. அதன்பிறகு நான் யன்னலை விட்டுக் கண் எடுக்கவில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற இந்த வன்னிக் காட்டை ஊடறுத்துத்தான், தமிழ்நாட்டில் இருந்து வந்து மன்னார்க் கரையில் தோணியால் இறங்கிய சனம் 19ஆம் நூற்றாண்டில் மாத்தளைப் பக்கம் நடந்தது, கோப்பித் தோட்ட வேலைக்கு. வாந்திபேதியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். விழுந்தவர் யார் என்று எழுதி வைக்க ஆள் இருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்கு எழுதினார்கள். சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. ஒப்பந்தக் கூலி என்பதால் சட்டம் பதிவைக் கேட்டது: இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் பூட்டப்பிள்ளைகள் இன்றைக்கும் ஊர் தேடி வருகிறார்கள். இலங்கைக்கோ கடல் கிட்ட. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார், கணக்கும் அவர் கையில். பிறகு, இலங்கைக்குப் போகும் தொழிலாளரைத் தங்க வைத்து அனுப்பும் மண்டபம் முகாம் வந்தது, 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தது. ஆனாலும் தொழிலாளியிடம் கொடுத்த தகர வில்லையில் பொறித்தது தோட்டத்து இலக்கமும் ஆளின் இலக்கமும்தான்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது இந்தச் சனம் எதைக் காட்டும்?

தலைமன்னார் பழைய இறங்குதுறையில் இரும்புத் தூண்கள் துருவேறி, பொருக்குப் பொருக்காக உதிர்கின்றன. தொட்டால் விரலில் செம்மண் நிறம். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. இந்தத் துறையால் கப்பலேறியவர்களுக்கு அப்போதுதான் பெயரும் படமும் போட்ட கடவுச்சீட்டு. வரும்போது மறுத்ததை அனுப்புவதற்காகக் கொடுத்தார்கள். இதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் செட்டிகுளத்தில் ஓர் அம்மாவிடம் பேசினேன். 1977 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர். "எங்க பாட்டன் பேரு எந்தக் கடதாசியிலயும் இல்ல தம்பி. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார். பாட்டன், அவருடைய தகப்பன், துறையூர்ப் பக்கத்து ஒரு கிராமம். எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தகர வில்லையோ, பற்றுச்சீட்டோ, பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு) தாளோ கிடந்தால் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். மூத்தவர்களிடம் ஊர்ப் பெயரைக் கேட்டு அந்தப் படத்தின் பின்னால் எழுதுங்கள்.