நூறு வோல்ட்டில் தேங்காய்ச் சட்னி

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகமாக வசிக்கும் நிஷி கசாய் பகுதியில்தான் எங்கள் வீடு இருக்கிறது என்றும், உளுத்தம்பருப்பு முதல் கறிவேப்பிலை வரை எல்லாம் இங்கேயே கிடைக்கும் என்றும் எவ்வளவோ சொல்லியும், கும்பகோணத்திலிருந்து வந்த அம்மா தம்முடைய 750 வாட் மிக்ஸியைப் பழைய புடவைகளில் சுற்றி, ஜார்களோடு கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி மட்டும் கிடைக்காதே என்பது அவருடைய வாதம். அதில் நியாயமும் இருந்தது.

ஜப்பானியச் சுவர்களில் உள்ள பிளக் பாயின்ட் இரண்டு மெல்லிய செங்குத்துக் கீறல்கள்தான். நம் ஊர் உருண்டை மூன்று பின் அதற்குள் நுழையாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால், விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டர் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்த அம்மா, நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் மிக்ஸியை மாட்டிவிட்டார். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. மாலையில் வந்து பார்த்தபோது ஜாருக்குள் தேங்காய்ச் சில்லுகள் ஏறக்குறைய போட்டபடியே இருந்தன. பொட்டுக்கடலை ஓரமாக ஒதுங்கியிருந்தது. ஒரு பச்சைமிளகாய் காம்பு மட்டும் இழந்து, பிளேடின் மேல் முழுசாகச் சாய்ந்திருந்தது.

"ஏன்டா, இந்த ஊர்லயும் லோ வோல்டேஜா? ஈ.பி.க்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்" என்றார் அம்மா.

மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? நம் ஊரில் 230 வோல்ட், இங்கே வீட்டுக்கு வருவதே 100 வோல்ட், ஆகவே இது குறைந்த மின்னழுத்தம் அல்ல, இவர்களுக்கு இதுதான் முழு மின்னழுத்தம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். அதோடு விடாமல், சூடேற்றும் சாதனமாக இருந்தால் இன்னும் மோசம், வோல்ட் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு ஐந்தில் ஒரு பங்காகிவிடும், நம் ஊர் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இங்கே 190 வாட்டில் வேட்டியைத் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மா அதற்குள் சட்னியைக் கைவிட்டு இட்லிக்கு மிளகாய்ப்பொடியை எடுத்திருந்தார்.

அடுத்த வாரயிறுதியில் மூவரும் மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹாபாராவுக்குப் போய், 100 வோல்ட்டை 220 ஆக உயர்த்தித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கினோம். மிக்ஸியைவிடக் கனமான அந்தப் பெட்டியை நெரிசலான ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பெருமை என்னுடையது. மிக்ஸி தன் பழைய சத்தத்தோடு சுற்றியபோது அம்மா முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து, கீழ்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற கவலையைக்கூட நான் தள்ளிவைத்தேன். அது தை மாதக் குளிர். ஹீட்டராக ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ரைஸ் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது, கெட்டிலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா இரண்டாவது சுற்றுக்கு ஸ்விட்சைத் திருப்பியதும் வீடே இருண்டது.

டோக்கியோவில் வீட்டுக்கு இத்தனை ஆம்பியர் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் வழக்கம், எங்களுடையது 30. அதற்கு மேல் இழுத்தால் இருட்டுதான். அதே 750 வாட் மிக்ஸி நம் ஊரில் மூன்றேகால் ஆம்பியரில் முடித்துக்கொள்ளும் வேலைக்கு, வோல்ட் குறைவு என்பதால், இங்கே ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஏழரை என்ற எண்ணைக் கேட்டவுடனேயே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று முதல், ஏசியையும் கெட்டிலையும் அணைத்துவிட்டு, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்ட பிறகுதான் சட்னி அரைப்பது என்று வீட்டில் விதி வந்தது.

அப்பாவைக் கவர்ந்தது ஹெர்ட்ஸ் விவகாரம், அதாவது மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும், ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால், இன்றுவரை ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கே மின்சாரம் போதாமல் தவித்தபோது, மேற்கிலிருந்து பெரிய அளவில் அனுப்ப முடியாமல் போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். "டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. உன் கிரைண்டரை ஒசாகாவுக்குக் கொண்டுபோனா இப்போ இருக்கறதைவிட அஞ்சுல ஒரு பங்கு கூடுதல் வேகத்துல சுத்தும், தெரியுமா?" என்று அவர் அம்மாவிடம் சொல்ல, அடுத்த முறை கிரைண்டரையும் கொண்டுவரலாம் என்ற யோசனையை அவரே எடுத்துக்கொடுத்தவரானார்.

ஊருக்குத் திரும்புமுன், ஜப்பானிய ரைஸ் குக்கர் ஒன்று வாங்கவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்தது. எங்கள் நண்பர் ஒருவர் 100 வோல்ட் குக்கரைச் சென்னைக்குக் கொண்டுபோய் நேரே செருகியதில், அரிசி களைவதற்குள் ஃபியூஸும் குக்கரும் சேர்ந்து போன கதையை நான் சொன்னேன். வெளிநாட்டுக்கென்றே செய்த 220 வோல்ட் குக்கர்களும் கடையில் தனியாக இருந்தன. தேர்ந்தெடுக்கச் சிலவே, விலையோ கூடுதல். ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, லேபிளில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படித்து, விற்பனைப் பெண்ணை வணங்க வைத்து வணங்க வைத்து, கடைசியில் அப்பா உறவினர்களுக்கெல்லாம் நகவெட்டி வாங்கினார். பழக்கதோஷத்தில் அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.